மிளகாய்க்கு அடுத்து வந்த கேழ்வரகு

அரியூரில் என் ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் யாராவது மிளகாய் வறுத்தால் போதும், பாகூரில் அப்பா நடத்திய, இப்போது இல்லாத மாவு மில் தடதடவென்று எனக்குள் ஓடத் தொடங்கிவிடும். பெல்ட் அடிக்கும் சத்தம், அப்பாவின் புருவத்தில் படிந்த மாவு, காலையில் அரிசியும் கேழ்வரகும், மாலையில் மட்டுமே மிளகாய் என்ற முறை. ஒருநாள் பஸ்ஸுக்குப் பறந்த மணப்பட்டு ஊர் அம்மாள் ஒருவருக்காகக் காலையிலேயே மிளகாய் அரைத்த அப்பா, வழக்கம்போல் ஒரு பிடி அரிசி ஓட்டிக் காரத்தை எடுக்காமலே அடுத்த கேழ்வரகைக் கொட்டிவிட்டார்.

மறுநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“கூழ் குடிச்சதுலேர்ந்து அழுவுதுண்ணா. இன்னாத்த அரைச்சிக் குடுத்த?”

அப்பா மெஷினை நிறுத்தினார்.

“சீக்கிரம்க்கா, பஸ் வந்துடும்,” என்று கல்லூரிப் பெண்கள் இன்று என்னைப் பிடுங்குகிறார்கள். நான் கழுவிய மிக்ஸி ஜாரையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறேன். பஸ் போனால் போகட்டும்.