மூன்று திருப்பங்கள்

துபாயில் ஒரு மாலுக்குள் கட்டியிருந்த பனிச்சரிவில் சுஐபு நான்கு வருஷம் வேலை பார்த்தார். 2008 வரை அந்தப் பனியில் கால் வைத்ததே இல்லை. வாடகைக் கவுண்டரில் டூட்டி. வருகிறவர்களின் கால் அளவைக் கேட்டு பூட்ஸும் ஜாக்கெட்டும் எடுத்துக் கொடுப்பார்; ஈரமாகத் திரும்பி வருவதைத் துடைத்து, வாடை போக மருந்தடித்துக் காயவைப்பார். பக்கத்து ஊரான அஜ்மானில் ஆறு பேரோடு ரூம். வயது முப்பத்தெட்டு.

2008 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஸ்னோபோர்டு என்னும் பனிச்சறுக்குப் பலகையில் இறங்கக் கற்றுத் தேறும் கவுண்டர் ஆட்கள், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாறலாம். அந்த வேலையில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா உண்டு. சுஐபு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, கீழக்கரையில் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜொஹரா, ஜூனுக்கு அப்ஸானாவை இங்க ஸ்கூல்ல சேத்துரலாம், இன்ஷா அல்லாஹ்."

அப்ஸானாவுக்கு ஏழு வயது. மகளை அவர் பார்த்தது இரண்டு லீவில்தான்.

மால் திறக்குமுன் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவன் ஜெயசீலன், சிவகங்கைப் பக்கத்து இளைஞன். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டியதும், எழுந்து நிற்பதே சுஐபுக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் வாரம் முழுக்க இடுப்பெலும்பில்தான் விழுந்தார். பஸ்ஸில் சாய்ந்து உட்கார முடியாமல் அஜ்மான் வரை நின்றுகொண்டே போனார்.

ஒருவழியாகக் குதிகாலை அழுத்திப் பலகையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, மெதுவாகச் சறுக்கி இறங்கப் பழகினார். திரும்புவதுதான் வரவில்லை. திரும்ப வேண்டுமென்றால், ஒரு நொடி பலகையின் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நேராக விட வேண்டும். அந்த நொடியில் அது கையை மீறி ஓடும்.

"விட்டுருங்க பாய், அதுவா திரும்பும்," என்பான் ஜெயசீலன்.

இரண்டாவது வாரத்தில் கூடப் பயின்ற கார்மேகம் அப்படி விட்டபோது, பலகையின் ஓரம் பனியில் குத்தி முகங்குப்புற விழுந்தார். மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு சரிவின் தலைமாட்டில் நிற்கும்போதெல்லாம் சுஐபுக்கு அந்தக் கைதான் கண்ணில் நின்றது. தனக்கும் அப்படி ஆனால் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு திருப்பங்கள் வரை தட்டுத்தடுமாறிச் செய்தார். மூன்றாவது ஒரு நாளும் கூடி வரவில்லை.

பரீட்சைக்கு மூன்று திருப்பங்கள் வேண்டும், நிற்காமல்.

பரீட்சை நாளில் முதல் திருப்பம் நன்றாகவே வந்தது. இரண்டாவதும் வந்தது. "அப்படித்தான் பாய்!" என்று கீழேயிருந்து ஜெயசீலன் கத்தினான். மூன்றாவதற்காகப் பலகை பள்ளத்தைப் பார்த்தது. காதில் காற்று இரைந்தது. சுஐபு முட்டியை மடக்கிப் பனியில் உட்கார்ந்துவிட்டார். தேர்வு பார்த்தவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்து, தேறவில்லை என்று சொன்னார்.

"ஸ்கூல்ல டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துட்டேனே மச்சான்," என்றாள் ஜொஹரா. பிறகு பதறிக்கொண்டு கேட்டாள்: "கீழ விழுந்துட்டியளா? அடி கிடி பட்டுச்சா?"

விழுந்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் மனசு ஆறியிருக்கும். அவருக்குப் பொய் வரவில்லை.

"விழல. பயந்துகிட்டு நானா உக்காந்துட்டேன்."



"சரி. நாளைக்குப் போயி டி.சி. வேணாம்னு சொல்லிட்டு வாறேன்," என்றாள்.

அடுத்த வருஷமும் ஆள் எடுத்தார்கள். ஜெயசீலனே கவுண்டருக்கு வந்து, "ஒரே ஒரு திருப்பந்தான பாய், இந்தத் தடவை வந்துரும்," என்றான்.

"நமக்கு அது ஆகாது தம்பி," என்று மட்டும் சொன்னார் சுஐபு.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சரிவு தெரியும் கண்ணாடியோரம் உட்காருவார்கள். அவர் பின்படிக்கட்டில் தனியாகச் சாப்பிட்டார். மகளை அங்கே படிக்கவைப்பது பற்றி ஜொஹரா அப்புறம் வாய் திறக்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.