செவ்வாய்க்கிழமைகளில் கத்திய மோடம்

1. நீலத் திரை

முதல் ஷிஃப்ட் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாம் எண் ஃபர்னஸின் திரை நீலமாகி, மெமரி காலி என்று ஒரே ஒரு வரியைக் காட்டி நின்றுவிட்டது. கியர்களைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் ஃபர்னஸ் அது. எந்த கியருக்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று உள்ளே இருந்த நாற்பது ரெசிபிகளும் போய்விட்டன.

ஒரகடத்தில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் பயிற்சியாளன். ஒரு வருடப் பயிற்சி முடிய அன்றைக்கு ஒன்பது நாள் பாக்கி. அதன் பிறகு நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்கு பஸ். என்னைப் போல டிப்ளமோவை முடித்த கையோடு இங்கே வந்து இறங்கும் தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேனேஜர் பார்த்திபன் சார் ஃபர்னஸ் செய்த வெளிநாட்டுக் கம்பெனியை ஸ்பீக்கர் போனில் பிடித்தார். சர்வீஸ் டெஸ்க்கில் ஓர் அம்மா. அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "உங்கள் ஃபர்னஸிடமிருந்து ஐந்து வாரமாக ரிப்போர்ட் இல்லையே. விற்றுவிட்டீர்கள் என்று நினைத்தோம்."

சாருக்கே எந்த ரிப்போர்ட் என்று தெரியவில்லை. அந்த அம்மா விளக்கினார். கன்ட்ரோலர் பழையது, இன்டர்நெட் தெரியாது. ஆனால் டெலிபோன் லைனில் மாட்டிய ஒரு மோடம் வழியாக வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை காலையில், தானே டயல் செய்து அவர்களிடம் உடல்நிலை சொல்லும். மெமரி பேட்டரி இறங்கத் தொடங்கினால் அதில் முன்கூட்டியே தெரிந்துவிடும். உடனே மெயில் போடுவார்கள். "மோடத்தை இணையுங்கள். ரெசிபிகளின் நகல் எங்களிடம் இருக்கிறது, நாங்களே ஏற்றிவிடுகிறோம்."

பேனலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள். நடுவில், தூசி படியாத ஒரு நீள்சதுரம்.

"மோடம் எங்கடா?" என்றார் சார்.

அதைக் கழற்றியவன் நான்.

2. நாற்பத்தொன்று

ஐந்து வாரத்துக்கு முன்பு ஃபர்னஸ் இருக்கும் எங்கள் ஷாப்பில் 5S என்ற ஒழுங்குபடுத்தும் வாரம் நடந்தது. தேவையில்லாத பொருள்களில் சிவப்பு டேக் கட்டி, பழைய சாமான் யார்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதம் யாரும் கேட்காவிட்டால் ஸ்க்ராப். பயிற்சியாளர்களுக்குள் போட்டி. நான் நாற்பத்தொரு டேக் கட்டி முதலாவதாக வந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கையெழுத்தைப் பார்த்து ஒரு பொருள் இடம் மாறுவதை அந்த வாரம்தான் முதன்முதலில் கண்டேன். அந்தச் சந்தோஷத்தில் கை நிற்கவே இல்லை.

ஃபர்னஸ் பகுதியைத் துடைக்கும் வசந்தா அக்கா, மணிமங்கலத்திலிருந்து வருகிறவர், நான் மோடத்தைக் கழற்றும்போது மாப்புடன் பக்கத்தில் நின்றார்.

"இன்னா தம்பி, அத்த ஏன் கயட்டுற? செவ்வாக்கெயமயானா கீச்சு கீச்சுன்னு கத்தும். உசுரோடதான் கீது."

"யாரும் பேசாத போனுக்கு எதுக்குக்கா லைனு?"

"எனக்கின்னா தெரியும். கத்துதுன்னேன். படிச்சவன் நீ, பாத்துக்க."

டேக்கில் ஒரு வரி உண்டு: பயன்படுத்துபவர் யாரேனும் உண்டா? அதில் 'இல்லை' என்று எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டேன்.

3. ஐம்பத்தாறாயிரம்

யார்டுக்கு ஓடினேன். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் மோடம் கிடந்தது, என் டேக் தொங்கியபடியே. தப்பித்தோம் என்று நினைத்தேன். அட்மினுக்குப் போன் போட்டதும் அடுத்த இடி. என் டேக்கைப் பார்த்துத்தான் அந்த டெலிபோன் எண்ணையே சரண்டர் செய்திருக்கிறார்கள். செம்புக் கம்பி லைன் இனிமேல் கிடைக்காது, ஃபைபர்தான். ஃபைபர் பெட்டியில் போன் சொருக ஓர் ஓட்டை இருக்கிறது, அதில் முயன்று பாருங்கள் என்றார்கள்.

ஆபீஸிலிருந்து ஃபர்னஸ் வரை ஒயர் இழுத்துச் சொருகினோம். மோடம் டயல் செய்தது, கத்தியது, கரகரத்தது, அறுந்தது. ஏழு தடவை.

"மேலயே 56K-ன்னு போட்டிருக்கு. ஏன் ஏற மாட்டேங்குது?" என்றார் சார். "பெரிய ஸ்பீடுல வைடா."

பெரிய வேகத்துக்கு V.90 என்று பெயர். மோடங்களுக்கு இப்படி V போட்ட ஸ்டாண்டர்டுகள் உண்டு. இரண்டு மோடங்களும் பேச ஆரம்பிக்கும்போது எந்த ஸ்டாண்டர்டில் பேசுவது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். அந்தக் கத்தலே அந்தப் பேச்சுதான். பேனலுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் மேனுவலையும் ஸ்டாண்டர்டுகளைப் பற்றிய பக்கங்களையும் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. 56K என்பது ஒரு திசைக்கு மட்டும்தான். அதுவும் எதிர்முனை எக்ஸ்சேஞ்சோடு நேரடியாக டிஜிட்டலில் சேர்ந்திருந்தால் மட்டும். இரண்டு பக்கமும் சாதாரண மோடம் என்றால் V.34தான், அதிகபட்சம் 33.6K. பெட்டியின்மேல் அச்சடித்த அந்த வேகத்தில் எங்கள் மோடம் ஒருநாளும் ஓடியதே இல்லை.

அந்த V.34-ம் இப்போது ஏன் நிற்கவில்லை? அதில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் பேசுகிறார்கள். அவரவர் தன் எதிரொலியைக் கழித்துவிட்டு மற்றவர் பேச்சைக் கேட்க வேண்டும். செம்பில் அது நடக்கும். ஃபைபர் பெட்டியோ குரலைத் துண்டு துண்டாக்கி, தாமதப்படுத்தி, மனிதப் பேச்சு என்று நினைத்துத் தானும் எதிரொலியை வெட்டுகிறது. கணக்கு குழம்புகிறது.

அதைவிடப் பழைய V.22bis-ல் ஆளுக்கொரு குரல். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. எதிரொலித் தொல்லையே இல்லை. வேகம் நொடிக்கு 2400 பிட்தான்.

"சார், ஸ்பீடைக் குறைச்சுப் பாப்போமா? ரெண்டாயிரத்து நானூறு."

"ஐம்பத்தாறாயிரத்துலயே ஏறாதது ரெண்டாயிரத்துல ஏறுமாடா?"

"ஏறும்னு படிச்சேன் சார்."

"படிச்சியா? சரி. இதுக்கு மேல கெட என்ன இருக்கு, போடு."

இதற்கு மேல் போகாதே என்று மோடத்துக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். அங்கே அந்த அம்மாவும் அப்படியே வைத்தார். டயல். ஒரு நீள விசில், கொஞ்சம் இரைச்சல், அமைதி. பச்சை விளக்கு எரிந்தது, அணையவில்லை. என்னால் நம்ப முடியவில்லை.

புது பேட்டரி போட்டு, 380 கேபி ஏறி முடிய இருபத்தேழு நிமிடம் ஆயிற்று. பெரிய பெரிய ஆபீஸர்கள் ஒரு குட்டி விளக்கைப் பார்த்தபடி நின்றார்கள். வசந்தா அக்கா மட்டும் வந்து, "ஒயர மிதிக்காம நில்லுங்க சாரு, அப்பால அதுக்கும் தம்பியத்தான் திட்டுவீங்க" என்றார்.

4. நான்காவது ஏன்

எந்தக் கோளாறுக்கும் எங்களிடம் வொய்-வொய் ஷீட் உண்டு. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேர்க்காரணம் எழுத வேண்டும். மறுநாள் சார் அதை டைப் செய்து என்னிடம் காட்டினார்.

"உன் டேக் என் டிராயர்ல இருக்கு. நீ வாயத் தொறக்காத. இன்னும் எட்டு நாள்தான?"

அப்படியே அழுதுவிடலாம் போலிருந்தது. மனிதர் என்னைக் காப்பாற்றுகிறார். பிறகுதான் நான்காவது வரியைப் படித்தேன். 'துப்புரவுப் பணியின்போது மோடம் இணைப்பு அகற்றப்பட்டிருக்கலாம்.'

"சார், அந்த அக்காதான் வேணாம்னு சொன்னாங்க."

"பேரு போடலையே. கான்ட்ராக்ட் ஆளு. வேற கம்பெனிக்கு மாத்திடுவாங்க, அவ்ளோதான்."

ஃபர்னஸ் நின்றபோதுகூட நான் இவ்வளவு அதிரவில்லை. அந்த மோடம் உயிரோடு இருக்கிறது என்று இந்த ஷாப்பிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர். அவரைத்தான் அனுப்பப் போகிறோம். சாரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. எனக்காகத்தானே அந்த வரி.

அன்று மதியம் கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கிளம்பும்போது சாரிடம் போய், நான்காவது வரியை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"பைத்தியமாடா உனக்கு?"

"டேக்குல 'இல்லை'ன்னு எழுதினது பொய் சார். எனக்குச் சொன்னாங்க. நான்தான் எழுதல."

சார் டிராயரைத் திறந்து, என் டேக்கை எடுத்து ஷீட்டோடு பின் செய்தார். ஷீட்டை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு நிரந்தரம் கிடைக்கவில்லை. பயிற்சியை ஆறு மாதம் நீட்டித்தார்கள். அப்பாவுக்குப் போனில் சொன்னபோது, "வேலைக்கு வர வேணாம்னு சொல்லலைல்ல?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன்.

ஆறு மாதமும் முடிந்து இப்போது நிரந்தரம். மோடம் பழைய இடத்திலேயே இருக்கிறது, 2400-ல். செவ்வாய்க்கிழமை ஆனால் அக்கா தூரத்திலிருந்தே கூப்பிடுவார்: "தம்பி, உன் ஆளு கூவுறாரு பாரு!"

சிவப்பு டேக்கில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: அருகில் வேலை செய்பவர் சொன்னது. மற்ற வரிகளுக்கு முன்பு அதை நிரப்புங்கள். பெட்டியின்மேல் அச்சடித்திருப்பதையும், நீங்களே எழுதியதையும் அதற்குப் பிறகு நம்பலாம். போன வாரம் ஒரு பழைய ஃபேனுக்கு டேக் கட்டப் போனேன். அக்காவைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்:

"அது செத்து ரெண்டு வருசம் ஆவுது. எத்துக்கினு போ."