டயர் அக்கா ஓட்டிய கார்

டயரை இரண்டு கட்டைவிரல்களாலும் ரிம்மிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிருபாராணி மெதுவாகச் சுழற்றுகிறார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் டயர்தான். ரப்பரும் ரிம்மும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் போதும், "ரிஜக்ட்டு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு இடது பக்கம் ஒதுக்கிவிடுவார். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ஓசூர் சிப்காட்டில் ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பதினேழு வருடமாகக் கடைசிச் சோதனை மேசை அவருடையது. வளையத்தை இழுத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிப் பழகிய விரல்களுக்கு வீட்டிலும் ஓய்வில்லை. பாகலூர் பக்கம் ஞாயிறுதோறும் ரிமோட் கார் ஓட்டுகிற பத்துப் பேரின் டயர்களும் அவர் வீட்டுச் சமையலறை மேடைக்குத்தான் வருகின்றன. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு அவர் டயர் அக்கா.

புது டயரை அப்படியே ஒட்ட அவர் விடமாட்டார். அச்சிலிருந்து வந்த வழவழப்பு அதன்மேல் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் விளிம்பைத் துடைத்து, உள்ளே ஸ்பாஞ்சு வளையத்தைச் சுருக்கமில்லாமல் உட்கார வைத்து, ரிம்மில் மாட்டிய பிறகுதான் பசைக்குப்பியைத் திறப்பார். கால் சுற்றுக்கு ஒரு சொட்டு. பிறகு ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கிவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் ரசத்துக்குத் தாளிக்கப் போய்விடுவார். தேய்ந்த டயரைக் கழற்ற ஒரு பழைய அலுமினியச் சட்டி தனியாக இருக்கிறது. கொதிநீரில் போட்டால் பசை விட்டுக்கொடுக்கும். மறந்துபோய் ஒருமுறை அவர் கணவர் ஜேம்ஸ் அந்தச் சட்டியில் முட்டை வேகவைத்துவிட்டார். முட்டை இரண்டும் குப்பைக்குப் போயின. சட்டியில் இப்போது சிவப்புச் சாயத்தில் பெரிய பெருக்கல் குறி.

பாதி தேய்ந்த டயர்களை அவர் எறிவதே இல்லை. பழைய டிபன் பாக்ஸ்களில் போட்டு, மூடியில் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறார்: காய்ந்த மண், ஈர மண், மதியத்துக்கு மேல். பந்தயத்தன்று வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுபாதையில் வெறுங்காலோடு நடப்பார். செம்மண் காலில் ஒட்டினால் ஒரு டப்பா, பொடியாக உதிர்ந்தால் இன்னொன்று. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு டயரையும் காதருகே வைத்து ஆட்டுவார். ரிம்மின் துளை வழியாக உள்ளே போன மண் சலசலக்கும். தண்ணீர் போயிருந்தால் சத்தமே வராது, கை கனக்கும். "ஸ்பாஞ்சு தண்ணி குடிச்சிடுச்சுன்னா நாளைக்கு கார் கள்ளுக் குடிச்ச மாதிரி ஆடும்" என்பது அவருடைய எச்சரிக்கை.

இத்தனை செய்தும் நான்கு வருடம் அவர் ஒருநாள்கூடக் காரை ஓட்டியதில்லை. ஓட்டியது ஜேம்ஸ். லேத் பட்டறையில் இம்மி பிசகாத மனிதர், ரிமோட்டைக் கையில் எடுத்தால் முதல் வளைவிலேயே கவிழ்த்துவிடுவார். வீடு திரும்பும்போது டயரில் பிடிமானமே இல்லை என்று தவறாமல் சொல்வார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னபோது, கிருபாராணி பைக்கின் பின்சீட்டிலிருந்தே கையை நீட்டினார்.

"ஏங்க, நாலு வருசமா தோத்ததுக்கெல்லாம் டயருதானே காரணம்? டயரு எங்கையால ஆனது. ரிமோட்டும் எங்கையிலயே இருக்கட்டும், குடுங்க."

ஜேம்ஸ் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது என்று பிறகு பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

அதன்பின் மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் தெருமுனைக் காலிமனையில் செங்கல் வைத்துப் பழகினார் கிருபாராணி. போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவர் ஓட்டும் முதல் பந்தய நாள் வந்தது. காலை ஆராதனை முடிந்து, அதே சேலையில் பாகலூர் போய் இறங்கினார். ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களுக்குப் பின்னால் நாராயணப்பன் ஒதுக்கித் தந்த முக்கால் ஏக்கர்தான் ஓடுபாதை. நிலமும் அவருடையது, விசிலும் அவருடையது. பத்துக் கார்கள், ஐந்து ஐந்தாக இரண்டு ஓட்டம். ஐந்து நிமிடத்தில் அதிகச் சுற்று முடிக்கிற ஆறு பேருக்கு மதிய இறுதி ஓட்டத்தில் இடம். கிருபாராணியின் பெயர் முதல் ஓட்டத்தில் இருந்தது.

புது பைக்குகளை ஏற்றி அனுப்பும் யார்டில் வேலை பார்க்கும் பிரகாஷ் பக்கத்து மேசையில் இருந்தார். "அக்கா, நீ ஓட்டப் போயிட்டா எங்க டயர யாரு பாப்பாங்க?" என்று சிரித்தார். அவருடைய டயர்கள் கன்னங்கரேலென்று மின்னின. யார்டில் பைக் டயருக்குப் பூசும் பாலிஷை இதற்கும் பூசியிருந்தார். கிருபாராணி வெள்ளிக்கிழமை அந்த டயர்களை ஒட்டிக் கொடுக்கும்போதே எதையும் பூசாதே என்று சொல்லித்தான் அனுப்பினார். போட்டோவில் நன்றாக வரும் என்றார் பிரகாஷ். கிருபாராணி தன் காரைத் தூக்கினார்.

பழக்கதோஷத்தில் டயரை விரலால் தள்ளிப் பார்த்தார். பின்பக்க வலது டயரில் அரிசி நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மற்ற ஒன்பது பேருடையதையும் ஒட்டிவிட்டு, கடைசியில் அரைத் தூக்கத்தில் ஒட்டிய தன் டயர்.

மற்ற கார்கள் தொடக்கக் கோட்டில் வந்து நின்றுவிட்டன. ஜேம்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, "இத்துனூண்டுதானே ராணி, அஞ்சு நிமிசம் தாங்கும், வுடு" என்றார். நாராயணப்பன் விசிலை வாயிலிருந்து எடுத்து, தமிழில் பாதி கன்னடத்தில் பாதியாக, யாருக்காகவும் நேரம் நிற்காது என்றார்.

"நீங்க ஊதுங்கண்ணா. எனக்காக நிக்க வேணாம்" என்றார் கிருபாராணி.

விசில் ஒலித்தது. நான்கு கார்கள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயின. அவர் மேசையில் ஸ்பிரிட் துணியால் விளிம்பைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறுபது வரை எண்ணினார். முப்பதில் விடலாம் என்று யாரோ சொன்னார்கள். அறுபது வரை எண்ணினார். அவர் கார் கோட்டைத் தாண்டியபோது மற்றவர்கள் மூன்றாவது சுற்றில் இருந்தார்கள்.

ஆனால் அதன்பின் அது ஒருமுறைகூடக் கவிழவில்லை. வளைவுக்கு வளைவு மற்ற கார்கள் குட்டிக்கரணம் போட, அவருடையது தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றியது. எட்டுச் சுற்று. அந்த ஓட்டத்தில் மூன்றாம் இடம். இறுதி ஓட்டத்துக்கு அது போதுமா என்பது இனி அடுத்த ஐவரின் கையில் இருந்தது. அவர்களில் நான்கு பேர் எட்டைத் தாண்டிவிட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் ஓட்டத்தில் ஓட்டியவர்கள் இரண்டாம் ஓட்டத்துக்கு வளைவுகளில் காவல் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கவிழ்ந்த காரை நிமிர்த்தி விடலாம். பழுது பார்க்கக் கூடாது. நான்கு வருடமாக நிழலில் உட்கார்ந்திருந்த கிருபாராணி இன்றைக்கு யாரும் கூப்பிடாமலே காவல் நிற்பவர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, வெயிலில் கடைசி வளைவில் போய் நின்றார்.

மூன்று பேர் எளிதாக எட்டைத் தாண்டினார்கள். நான்காவதாக வந்தவர் பிரகாஷ்; ஐந்தாமவர் வெகு பின்னால். ஏழு முடித்திருந்தார், இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. இரண்டு சுற்று முடித்தால் ஆறாவது இடம் அவருக்கு. அந்த நேரம் பார்த்து அவருடைய கார் கடைசி வளைவில் சறுக்கி, கிருபாராணியின் காலடியிலேயே மல்லாந்தது.

அவர் பாய்ந்து எடுத்தார். பின்டயர் ரிம்மை விட்டுப் பாதி கழன்றிருந்தது. விளிம்பில் பாலிஷ் பிசுபிசுத்தது. ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்து பிரகாஷ் கத்தினார்: "அக்கா, ஒரு அழுத்து அழுத்தி வுடுக்கா, போதும்!"

அவருடைய கட்டைவிரல் அதற்குள்ளாகவே விளிம்பின்மேல் போய்விட்டிருந்தது. அதை எடுத்தார். காரை ஓட்டத் திசைக்குத் திருப்பி, மண்ணில் நேராக வைத்து, இரண்டு எட்டுப் பின்னால் போனார். கார் பத்தடி நொண்டியது. டயர் கழன்று, தன்பாட்டில் உருண்டு திரும்பி வந்து அவர் கால்விரல் நுனியைத் தொட்டுச் சாய்ந்தது.

கிருபாராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த கார் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். ஓட்டம் முடிந்ததென்று நாராயணப்பன் விசில் ஊதும்வரை அவர் குனியவில்லை.