விளக்குக்கு ஓரடி கிட்டே

அவளை நாங்கள் எல்லாரும் மார்க் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கதாநாயகி மேக்கப் முடித்து, போன் பேசி, ஜூஸ் குடித்துவிட்டு வருவதற்குள், அவர் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் மார்க் போடுவார்கள். அதன்மேல் அக்கா நிற்பாள். லைட்மேனான நான் அவள் முகத்தை வைத்து விளக்குகளைச் சரிசெய்வேன். எல்லாம் ரெடியானதும் "அக்கா, நகருங்க" என்பார்கள். அவள் நகர்ந்தபிறகுதான் கேமரா ஓடும். தலை நரைக்கும்வரை இதே வேலை. ஒரு படத்திலும் அவள் நகம்கூட வந்ததில்லை. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

அக்கா தன் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் இதுவே வினையாகிவிட்டது. "உங்கம்மா சினிமாவுல இருக்காங்கன்னியே, எந்தப் படத்துல? நாங்களும் கண்ணு வலிக்கப் பாத்துட்டோம்" என்று மாமியார் குத்திக்கொண்டே இருந்தாள். பொய் சொல்லி வந்தவள் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர். அவள் போனில் அழுவாள், அக்கா என்னிடம் வந்து அழுவாள்.

"ஒரே ஒரு தடவ தம்பி. பாருங்க, இதான் நான்னு காட்டணும். அது போதும்."

ஒருநாள் கதாநாயகிக்குக் காய்ச்சல். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த டைரக்டர், "அவ அழறது சுவர்ல நிழலா மட்டும் தெரியட்டும். மார்க் அக்காவ நிறுத்துங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவரை ஒட்டி மார்க் போட்டு, விளக்கை நன்றாகத் தள்ளி வைத்தேன். அக்கா பக்கவாட்டில் நின்றாள். வளைந்த மூக்கு, துருத்திய மேலுதடு, காதோரம் அடங்காத முடி எல்லாம் கத்தரித்து ஒட்டியதுபோல் சுவரில் விழுந்தன.

"அசையாதீங்கக்கா. விளக்குக் கிட்ட வந்தா நிழல் பெருசாகும், ஆனா ஓரமெல்லாம் கலங்கிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆக்‌ஷன் என்றார்கள். அத்தனை வருஷம் மார்க்கைவிட்டு நகராதவள் விளக்கின் பக்கம் ஓரடி வைத்தாள். பிறகு இன்னும் ஓரடி. பெரிதாக விழுந்தால் கடைசி வரிசைக்கும் தெரியுமே என்ற ஆசை, வேறென்ன! நிழல் ஊதிச் சுவரெங்கும் பரவியது. மூக்கு கரைந்தது, உதடு கரைந்தது. அடிப்பாவி என்று முணுமுணுத்தேன்.

டைரக்டரோ துள்ளிக் குதித்தார். "பிரமாதம்! ஓகே!"

"இன்னொரு டேக் போலாம் சார்" என்றேன்.

"உன் வேலையப் பாருய்யா."

அக்கா பூரித்துப்போய் ஓடிவந்தாள். "நல்லாப் பெருசா விழுந்துச்சுல்ல தம்பி?"

"விழுந்துச்சு. ஆனா நீங்கதான்னு தெரியலக்கா."

"போப்பா. நான் பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?"

படம் வந்ததும் மகள், மருமகன், சம்பந்தியம்மா எல்லாரையும் தியேட்டருக்கு அழைத்துப் போனாள். விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டாள். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. சுவரில் ஈரம் ஊறியதுபோல் ஏதோ கறுப்பாக அசைந்தது. மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். காட்சி மாறியது.

அவள் அம்மா பக்கம் சாய்ந்தாள். "நீ எப்பம்மா வருவ?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்பந்தியம்மா கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

"வெட்டிட்டாங்க போலிருக்கும்மா" என்றாள் அக்கா.