எனக்கு விழுந்த கைதட்டு

கமுந்திங்கில் நான் வேலை செய்யும் ரப்பர் கையுறை, குளோவ் கம்பெனியில் முன்னே ஒரு மேனேஜர் இருந்தார். வாயைத் திறந்தா வசவுதான். ஆனா அவர்கிட்ட ஒரு வசதி, அவர் ஒண்ணு சொன்னா நாங்க பத்து சொல்லுவோம். இப்ப இருக்கிறவர் குனோங் ராபாட் ஊர்ப் பையன், சின்ன வயசு, தங்கமான குணம். அக்கா, அண்ணே தவிர வேற வார்த்தையே வராது. திட்டினா திருப்பித் திட்டலாம். அக்கான்னு கூப்பிடுறவரை என்ன பண்றது, சொல்லுங்க?

ஆளுங்களை உற்சாகப்படுத்த எங்கேயோ கோர்ஸ் படிச்சிட்டு வந்தாராம். காலையில் மெஷின் ஓடுறதுக்கு முந்தி எல்லாரையும் வரிசையா நிக்க வைப்பார். எஸ்டேட்டில் விடியுமுன்னே பேர் கூப்பிட்டு ஆளெண்ணுற பெரட்டு எங்கப்பா காலத்தோட ஒழிஞ்சதுன்னு நினைச்சிருந்தேன். "இது பெரட்டு இல்லக்கா, நம்ம குடும்பம்லா" என்பார். தினம் யாரையாவது பாராட்டுவார், நாங்க கைதட்டணும்.

எனக்கு வேண்டியது கைதட்டு இல்லை, ஸ்டோருக்கு மாத்தல். ஸ்டோர் அஞ்சு மணிக்கு விட்டுரும், எங்க லைன் ஏழாகும். வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பகலில் பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குவாங்க. சாயங்காலம் அவங்க பசார் மாலாம் ராச்சந்தையில் கடை போடக் கிளம்பிட்டா அவர் தனிதான். மழை கட்டினா சீக்கிரமே இருட்டிரும். எழுந்து லைட் போட முடியாது. நான் வர்ற வரைக்கும் நாற்காலியில் அப்படியே இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

கேக்கப் போனேன். நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள, "நீங்க இல்லாட்டி அந்த லைன் படுத்துரும்லா அக்கா" என்று ஒரு காப்பி மக்கைக் கையில் திணிச்சார். நானும் இளிச்சிக்கிட்டு வாங்கிட்டு வந்தேன். இன்னொரு நாள் மனசைக் கல்லாக்கிட்டுப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நிஜமாவே கண் கலங்கிட்டார். "என்னை நம்புங்கக்கா, நல்லது செய்றேன்" என்றார். நம்பினேன். வீட்டில் அவர்கிட்டயும் சொல்லி வச்சேன்.

போன வாரம் அந்தக் காலை வரிசையில் என்னை முன்னால் கூப்பிட்டார். "நம்ம அக்கா வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஒரு தெம்பு வேணும். இன்னையிலேருந்து அவங்கதான் லைன் லீடர்!" லீடருக்கான மஞ்சள் தொப்பியை அவரே என் தலையில் வச்சார். லைன் லீடர்னா எல்லாரும் போன பிறகுதான் கிளம்பணும். அட பாவி, கதவைச் சாத்திட்டு மாலை போடுறியேன்னு கத்தணும் போல இருந்தது. ஆனா கைதட்டு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. "அக்கா, பெலாஞ்சா!" என்று விருந்து கேட்டு ஓடி வந்து கட்டிக்கிறாளுங்க. அத்தனை பேர் சந்தோஷத்தில் எப்படி மண்ணைப் போடுறது? போட்டோவுக்குச் சிரிச்சேன்.

அன்னைக்குச் சரியான மழை. வீடு கும்மிருட்டு. லைட்டைப் போட்டேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தொப்பியைக் கழட்ட மறந்திருந்தேன்.

"எ... என்ன தொப்பி?"

"லீடராக்கிட்டாங்க."

ஸ்டோர் என்னடி ஆச்சுன்னு ஒரு வார்த்தை திட்டமாட்டாரான்னு நின்னேன். அவருக்குப் பாதி வாய் சிரிச்சது. நல்லா இருக்கிற இடது கையைத் தூக்கி, நாற்காலிப் பிடியில் பட் பட்டுன்னு தட்ட ஆரம்பிச்சார்.

"ஐயோ, நீங்களுமாங்க" என்றேன்.