மாத்திரை சாப்பிட்டியா?

முதலில் மாறியது என் பேச்சு. ஒரு வாக்கியம் முடியும் முன்பே அடுத்தது வாயில் வந்து நின்றது. மட்டாஞ்சேரியில் வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்கிறேன். அந்த வாரம் தூங்காமல் தைத்தேன், களைப்பே இல்லை. ஓரம் அடிக்கக் கொடுத்த ஒரு கல்யாணப் பட்டுப்புடவையைக் குழந்தைச் சட்டைகளாக வெட்டிவிட்டு, மணப்பெண் மகிழ்ந்துபோவாள் என்று காத்திருந்தேன்.

அவள் அழுதாள். வாசலில் கூடியவர்களில் யாரோ சொன்னார், "இவள்க்கு வட்டாணு." வட்டு என்றால் மலையாளத்தில் கிறுக்கு.

என் கணவர் ரஹீம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இருமுனை மனநோய் (மனம் சில காலம் கட்டுமீறிப் பொங்கும், சில காலம் அடியில் விழுந்து கிடக்கும்) என்றார் மருத்துவர். பாலக்காட்டுக்காரர், தமிழில் பேசினார். லித்தியம் (மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து) தொடங்கினார். அந்த மருந்தால் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க மகள் வர வேண்டியிருந்தது. சில மாதங்களில் நடுக்கம் குறைந்தது. தூக்கம் திரும்பியது.

தெருவின் சொல் எனக்குப் பழகிவிட்டது. வீட்டுக்குள் கேட்டதுதான் பழகவில்லை. சத்தமாகச் சிரித்தால், மகளை அதட்டினால், மீன் விலை அதிகம் என்றால்கூட, ரஹீம் மெதுவாகக் கேட்பார்:

"மாத்திரை சாப்பிட்டியா?"

அன்பாகத்தான் கேட்பார். நான் பாதிச் சிரிப்பில் நிறுத்தப் பழகினேன்.

ஒருநாள் வீட்டு உரிமையாளர் சொல்லாமல் தண்ணீரை அடைத்துவிட்டார். போய்ச் சண்டை போட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. பின்னால் வந்த ரஹீமிடம், "மருந்து கொடுத்தில்லே?" என்றார். ரஹீம் என் பக்கம் திரும்பி அதையே கேட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில், ரஹீமை அருகில் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். "எனக்குக் கோபம் வரக் கூடாதா, டாக்டர்?"

மருத்துவர் ரஹீமைப் பார்த்தார். "அன்னைக்கு வீட்டுல தண்ணி வந்துச்சா?"

"இல்ல, டாக்டர்."

"அப்போ உங்களுக்கு ஏன் கோபம் வரல?"

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ரஹீம் நேராக வீட்டு உரிமையாளரிடம் போனார். திரும்பி வந்து, "அவ கேட்டது நியாயம்னு சொல்லிட்டேன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

இப்போதும் அந்தக் கேள்வி அவர் உதடு வரை வந்து திரும்புவதைப் பார்க்கிறேன். ஆனால் அது எனக்குள்ளும் குடியேறிவிட்டது. வாய்விட்டுச் சிரிக்கும்போது உள்ளே ஒருத்தி காது கொடுத்துக் கேட்கிறாள்: இது நானா, நோயா? அன்றைக்கே பதில் கிடைப்பதில்லை. நோய் பொங்கினால் எனக்குத் தூக்கம் வராது. இரவு தூங்கி எழுந்தால்தான், நேற்றுச் சிரித்தது நான்தான் என்று தெரிகிறது.