மஞ்சள் வீட்டு ஊசி

அன்னமேரிக்கு டீச்சர் என்று பட்டம் கொடுத்தது பிள்ளைகள்தான். படித்தது எட்டாவது. பிழைப்பு தாராவியில் கர்கானா என்கிற ஓர் எக்ஸ்போர்ட் பட்டறையில், தையல் மிஷினுக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலைப் பூசை முடிந்து, சோறும் ஆக்கிவைத்துவிட்டு, தன் சந்தில் இருக்கிற ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தருவாள். "என் சட்டையில பட்டன் விழுந்து மாசமாகுது, நீ ஊருக்குப் பாடம் எடு" என்று புருஷன் இன்னாசிமுத்து வாராவாரம் புலம்புவார். "நீங்களும் வந்து உக்காருங்க, சொல்லித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

இந்த வயசில் பிள்ளைகள் கையில் ஊசியா என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். அம்மாக்காரி தரையில் உட்கார்ந்து கூலிக்குக் கல்லும் பாசியும் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள், பக்கத்திலேயே கைக்குழந்தை தவழும். ஊசி இல்லாத வீடு அந்தச் சந்தில் ஒன்று கிடையாது. ஒளித்து வைத்தால் மட்டும் பிள்ளைகள் எடுக்காமல் இருந்துவிடுமா? எடுக்கத்தான் செய்யும். எடுக்கிறதை ஒழுங்காக எடுக்கட்டுமே என்பதுதான் அன்னமேரியின் கட்சி.

அவளுக்கே ஏழு வயசில், வெட்டுத்துணிக் குவியலில் குதித்து விளையாடும்போது, ஒடிந்த ஊசி ஒன்று குதிகாலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் காலை ஊன்றி நடக்க மாட்டாள். கர்கானாவில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கிறவரை அந்த மிஷின் ஓடாது, புது ஊசியும் கிடையாது. மற்ற பெண்கள் அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே தேடுவார்கள். இவள் ஒருத்திதான் அதைக் கும்பிடாத குறை.

பிள்ளைகளுக்கும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு வீடு. குளிக்கிற ஸ்பாஞ்சைச் சதுரமாக வெட்டி, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறத்தில் துணி சுற்றிய வீடு. ஊசியில் அதே நிறத்தில் நீள நூல். ஊசி வீட்டில் இருக்கும், இல்லையென்றால் துணியில் இருக்கும். வாயில் இருக்காது, பாயில் இருக்காது. ஊசியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள் இல்லையா, அதையும் விடவில்லை. யாருக்காவது ஊசி வேண்டுமென்றால் கீழே வைத்து, கையை எடுத்து, "வச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் தொடலாம். முதலில் எல்லாருக்கும் முனை மழுங்கிய கம்பளி ஊசிதான். கை படிந்த பிறகே கூர் ஊசி. போன வாரம் கூர் ஊசிக்குத் தேறியவள், அதே சந்தில் இருக்கிற மர்யத்தின் மகள் அஃப்ஷா. மஞ்சள் வீட்டுக்காரி.

வகுப்பு நடக்கிற இடம் கரீம் பாட்சாவின் தோல்பை கர்கானா மாடி. ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு லீவு என்பதால் சும்மா கொடுத்தார். ஆனால் ராத்திரியில் அவருடைய வேலையாட்கள் படுப்பது அதே தரையில்தான். பேரன் வேறு அங்கேதான் தவழ்வான். "தங்கச்சி, ஒரு ஊசி என் தரையில கெடந்துச்சுன்னா அன்னைக்கே கிளாஸ் பந்த். அப்புறம் எங்கிட்ட அழக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேறு இடம் யார் தருவார்கள்? கால் நீட்ட இடம் கிடைப்பதே பெரிய பாடாக இருக்கிற ஊரில்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அஃப்ஷா பாதியிலேயே எழுந்தாள். "டீச்சர், உம்மா சீக்கிரம் வரச் சொன்னாங்க. வச்சாச்சு" என்றாள். பச்சை வீட்டுக்கார டேனி நூலைக் கொச்சைக்கயிறு மாதிரி சிக்கவைத்து உட்கார்ந்திருந்தான். அதைப் பிரித்துக்கொண்டிருந்த அன்னமேரி, "சரிட்டி, பாத்துப் போ" என்றாள். சொன்னாளே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்து வீடுகளை அலமாரியில் அடுக்கும்போது மஞ்சள் வீடு காலி.

"மாதாவே!" கையை விரித்துப் பிள்ளைகளைத் தடுத்தாள். "யாரும் அசையாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க." பிள்ளைகளின் சட்டையை உதறினாள், பாயை உதறினாள், பலகை இடுக்கை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொருவராகத் தூக்கி வாசலில் விட்டாள். ஊசி இல்லை.

அவள் கைப்பையில் புது ஊசி பாக்கெட் இருந்தது. ஒன்றை எடுத்து மஞ்சள் நூலைக் கோத்துக் குத்தி வைத்திருந்தால் முடிந்தது கதை, யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் அவளுக்கும் வராமல் இல்லை. பையின் ஜிப்பைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் தவழ்கிற பிள்ளையின் முழங்கால் கண்ணில் வந்து நின்றது. ஜிப்பை மூடிவிட்டுக் கீழே இறங்கிப் போய், "பாய், ஒரு ஊசி காணல" என்றாள்.

கரீம் பாட்சா கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆணி பொறுக்குகிற பெரிய காந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். முழங்கால் போட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்தார். "நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குல்லா?" என்றார், அவளைப் பார்க்காமலே.

"இருக்கு பாய். அஃப்ஷா வீட்டுல மட்டும் ஒருவாட்டி கேட்டுட்டு வந்துருதேன்."

மர்யம் வீடு அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி. அவள் அப்போதுதான் வேலை முடித்து வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும், "ஏட்டி அஃப்ஷா! ஊசிய எடுத்தியா?" என்று கையை ஓங்கினாள். அன்னமேரி குறுக்கே போய், "அடிக்காத பிள்ள, அவ சொல்லட்டும்" என்றாள்.

அஃப்ஷா போய்ச் சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில் மர்யத்தின் சர்க்கரை மருந்து டப்பா. அதன் மூடியைத் தூக்கினாள். மருந்துக் குப்பிக்குப் பக்கத்தில் ஒரு சோப்புத் துண்டு. அதில் முனை உள்ளே போக, நேராகக் குத்தி வைத்திருந்தது ஊசி. மஞ்சள் நூலை அழகாகச் சுருட்டியும் வைத்திருந்தாள்.

"உம்மா, ஊசி தீந்துபோச்சு, ஊசி தீந்துபோச்சுன்னு தினம் சொன்னீங்கல்லா?" என்றாள். "டீச்சர்கிட்ட நெறைய ஊசி இருக்கு. எனக்கு வேற ஒண்ணு தருவாங்க, இத உங்களுக்கு வச்சேன். கையில கொடுக்கக் கூடாதுல்லா, அதான் டப்பால வச்சேன்."

மர்யத்தின் ஓங்கிய கை அப்படியே இறங்கியது. ஊசியை எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் அன்னமேரி சொல்லிக் கொடுத்திருந்தாள். ஊசி என்றால் எந்த ஊசி என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. தைக்கிறதும் ஊசி, ஆஸ்பத்திரியில் போடுகிறதும் ஊசி. நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே பேர் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

"மெடிக்கல்ல போய் வாங்கணும் வாங்கணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேங்கா" என்றாள் மர்யம், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேலைக்குப் போய்ட்டு வந்தா மறந்துருது. நாலு நாளா போடல."

"நல்லா மறந்த போ! ஒன் பிள்ளைக்கு இருக்க கருத்துகூட ஒனக்கு இல்லையே" என்று அன்னமேரி பொரிந்து தள்ளினாள். திட்டும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. "எந்திரி. மூணு பேரும் போவோம். மொதல்ல மெடிக்கல், அப்புறம் பாய் மாடி."

மர்யத்தைக் கீழே நிறுத்திவிட்டு அன்னமேரியும் அஃப்ஷாவும் மாடி ஏறும்போது கரீம் பாட்சா இன்னும் முழங்காலில்தான் இருந்தார். காந்தம் முழுக்கத் துருவும் ஆணியும். "கெடச்சுதா? கொண்டா இங்க" என்று அஃப்ஷாவிடம் கையை நீட்டினார்.

அஃப்ஷா கொடுக்கவில்லை. நீட்டின கையை அவள் பார்த்த பார்வையில் பெரியவரே கொஞ்சம் தடுமாறிப் போனார். சோப்போடு ஊசியைத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வச்சாச்சு. இப்ப எடுங்க மாமா."

கரீம் பாட்சா நீட்டின கையை மடக்கிக்கொண்டார். அப்புறம் ஊசியை எடுத்தார். எடுத்து, எழுந்து, அலமாரிப் பக்கம் போய், மஞ்சள் வீட்டைத் தேடிப் பிடித்து அதில் குத்தி வைத்தார்.

"தங்கச்சி, என் ஆளுங்க தோல் வெட்டுற ரம்பிக் கத்தியத் தரையில போட்டுட்டு டீ குடிக்கப் போறானுங்க" என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம அவனுங்களையும் ஒக்காரச் சொல்லுதேன். இவ சொல்லிக் குடுக்கட்டும்."

அன்னமேரி தலையாட்டினாள். கீழே மர்யம் மருந்துக்கடைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அஃப்ஷா படி இறங்கி ஓடிப் போய், "உம்மா, இதுதான் ஒங்க ஊசியா?" என்று கேட்பது மாடிவரை கேட்டது.